பின்னே வருவோர்க்கு ஒரு விளக்கு

திருக்கார்த்திகை மாலையில் ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களின் வழியே சென்றவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். லயத்துக் காம்பரா ஒவ்வொன்றின் வாசற்படியிலும் அகல் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும். வாசலில் வைத்த விளக்கினால் வீட்டினுள் இருப்பவருக்கு உண்டாகும் வெளிச்சம் சிறிது. இருளிலே தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையால் இறங்கி வருபவருக்கே அதன் பயன் பெரிது. ஏற்றியவர் ஒருவர், பயன் கொள்பவர் மற்றொருவர்.

மோட்டார் காரிலும் இத்தகைய விளக்கு ஒன்று உண்டு. முன்விளக்கு நாம் பிறவற்றைப் பார்ப்பதற்கு. பின்விளக்கு பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. காரை ஓட்டிச் செல்பவர் தம் பின்விளக்கைத் தாமே காண்பதில்லை. ஆகையினாற்போலும், அதனைப் பற்றி அவருக்குத் தோன்றும் எண்ணங்களெல்லாம் அழகு பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன.

சென்ற மார்கழி விடுமுறையில் எம்மிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவர், தம் தந்தையாரின் காரோடு எமது வாசலுக்கு வந்து நின்றார். அது 1982ஆம் ஆண்டில் உருவான மெர்சிடிஸ் பென்ஸ் வண்டி. 1976 முதல் 1985 வரை ஜேர்மனியில் தயாரிக்கப்பட்டு, உலகெங்கும் ஓடிய டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் துரைமார் பங்களா வாசலில் மட்டுமே நிற்கத்தக்கது என்று கருதப்பட்ட இத்தகைய வண்டிகள், இப்போது சாதாரணக் குடும்பங்களிலும் பேணப்படுகின்றன. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுதல் என்பது நம் நாட்டில் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது.

மாணவரின் கையில் ஒரு பொதி இருந்தது. அதனுள்ளே பின்விளக்கின் மேல் ஒட்டுவதற்கான புகைநிறப் படலமும், எல்.ஈ.டி. பல்புகள் சிலவும் இருந்தன.

“சேர், பின்பக்கத்தைப் பார்த்தால் பழைய வண்டியென்று யாருக்கும் தெரியக்கூடாது” என்றார்.

“தம்பி, இதை ஒட்டினால் பின்பக்கத்தில் வண்டியே யாருக்கும் தெரியாமற் போய்விடுமே!” என்றோம்.

அவர் சிரித்தார்; ஆயினும் சம்மதிக்கவில்லை. இளைஞரிடம் வாதம் புரிவதிலும் பரிசோதனை செய்துகாட்டுவது எளிது என்பது ஆசிரியத் தொழில் எமக்குக் கற்பித்த பாடம். “இன்று மாலை பனிமூட்டம் இறங்கட்டும், பார்ப்போம்” என்று சொல்லி அவரை இருத்தினோம்.

காத்திருந்த வேளையில் அந்த விளக்கின் அமைப்பை அவருக்குக் காட்டினோம். அதன் முகம் வழுவழுப்பானதன்று. மேடும் பள்ளமுமாக வரிவரியாக அமைந்தது. 1971இல் இதே நிறுவனத்தின் எஸ்.எல். வண்டியில் முதன்முதல் வந்த அமைப்பு அது. மழையிலும் சேற்றிலும் ஓடும்போது மேடுகளில் அழுக்குப் படிந்தாலும், பள்ளங்கள் பெரிதும் சுத்தமாகவே இருந்து ஒளியை வெளிவிடும். அழகுக்காக வந்ததென்று பலர் நினைக்கும் வரிகள், பின்னே வருபவருக்காகவே வந்தவை. அதன்மீது கறுப்புப் படலத்தை ஒட்டுவது, அறிந்தவர் செய்த நல்ல வேலையை அறியாமல் அழிப்பதாகும்.

“சிவப்பொளி பனியைத் துளைத்துக்கொண்டு போகுமல்லவா சேர்? கொஞ்சம் மங்கினால் என்ன?” என்று கேட்டார். இதை நாமும் மாணவப் பருவத்தில் எழுதிப் புள்ளி வாங்கியதுண்டு. வானம் நீலமாகத் தோன்றுவதற்குரிய விதியைப் பனிமூட்டத்திற்கும் பொருத்திவிட்டதால் நேர்ந்த பிழை அது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியவை. ஆதலால் அவை நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. பனிமூட்டத்தின் நீர்த்துளி அவ்வாறன்று. அதன் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீற்றர். சிவப்பொளியின் அலைநீளமோ ஏறக்குறைய 0.65 மைக்ரோமீற்றர். அத்துணைப் பெரிய துளியின் முன்னே எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒன்றேதான். சிவப்பு என்பது, ‘இது வாகனத்தின் பின்புறம்’ என்று சொல்லும் அடையாளம். பனியை வெல்ல வேண்டியது நிறமன்று, ஒளியின் வலிமையே.

மாலை ஐந்தரை மணிக்கு மலை முகட்டிலிருந்து பனி இறங்கிற்று. கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைச் சூழ்ந்த பாதைகளில் இது புதுமையன்று. சில வேளைகளில் அடுத்த மின்கம்பம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. போக்குவரத்து இல்லாத தோட்டத்து உட்பாதையொன்றில் வண்டியை நிறுத்தி, இடப்பக்க விளக்கில் மட்டும் படலத்தை ஒட்டினோம். வலப்பக்க விளக்கைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைத்தோம். இரண்டையும் எரியவிட்டு, மாணவரையே பின்னோக்கி நடந்து காலடிகளை எண்ணச் செய்தோம்.

படலம் ஒட்டிய விளக்கு 65ஆம் காலடியில் மறைந்தது. கழுவிய விளக்கு 90ஆம் காலடி வரை தெரிந்தது. வித்தியாசம் 25 காலடி, அதாவது ஏறக்குறைய 17 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 11 மீற்றர் கடக்கும். ஆகவே அந்தப் படலம் பின்னே வரும் சாரதியிடமிருந்து பறித்துக்கொள்வது ஒன்றரை வினாடி. பனி இறங்கிய வளைவில், ஈரமான பாதையில், ஒன்றரை வினாடி என்பது அற்ப காலமன்று.

அதன் விலையை எமது குடும்பம் அறியும். நாம் சிறுவராயிருந்தபோது எமது சிறிய தந்தையார், பின்விளக்கு எரியாமல் வளைவொன்றில் நின்ற லொறியின்மீது மோட்டார் சைக்கிளில் சென்று மோதினார். உயிர் தப்பிற்று; வலக்கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. லொறிச் சாரதி கெட்டவரல்லர். வைத்தியசாலை வாசலில் நின்று, “பல்பு நேற்றுத்தான் போனது ஐயா, நாளைக்குப் போடலாமென்று இருந்தேன்” என்று அழுதார். ஒரு பல்பின் விலையும் கால்மணி நேர வேலையும் ஒரு மனிதரின் நடையைக் காப்பாற்றியிருக்கும். இதனை மாணவரிடம் கூறியபோது அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. தாமாகவே குனிந்து படலத்தை உரித்தெடுத்தார்.

அப்படியானால் பழைய காரின் பின்விளக்கில் வீட்டிலேயே செய்யத்தக்க மாற்றம் எதுவுமே இல்லையா? தாராளமாக உண்டு. மறுநாள் காலையில் இருவருமாகச் செய்தவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவது, சுத்தம். விளக்கின் மூடி பெரும்பாலும் அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைத்தால் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும். சவர்க்கார நீரே போதும். இந்த வண்டியில் பல்புகள் பொருந்திய தட்டைப் பெட்டியின் உட்புறமிருந்தே கழற்றிவிடலாம். அங்கே நம் மலைநாட்டு ஈரத்தால் செப்புத் தொடுப்புகள் பச்சை பூத்திருந்தன. நுண்ணிய மட்டத்தாளால் அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்தவுடனேயே ஒளி கூடிற்று. பிறேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்கும் மெல்ல மினுங்குமானால், ‘ஏர்த்’ இணைப்பு பழுதாகியிருக்கிறது என்று கொள்க. மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் உலர்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் மழைநீர் உள்ளே புகுந்துவிடும்.

இரண்டாவது, எல்.ஈ.டி. சிவப்பொளி தரும் எல்.ஈ.டி. 1962இல் அமெரிக்காவில் உருவானது. இழை பல்பு சூடேறி முழு ஒளி பெற ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும்; எல்.ஈ.டி. உடனே ஒளிரும். ஆகவே பிறேக் விளக்குக்கு அது நல்லதே. ஆனால் சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்.ஈ.டி.யையே இடவேண்டும். வெள்ளையை இட்டால் அதன் ஒளியின் பெரும்பகுதியை மூடி விழுங்கிவிடும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பல கார்களில் பின்விளக்கு 5 வாற்று, பிறேக் விளக்கு 21 வாற்று. இந்த நான்கு மடங்கு வித்தியாசத்தினாலேதான் முன்னே செல்பவர் பிறேக் மிதித்ததைப் பின்னே வருபவர் அறிகிறார். மலிவான எல்.ஈ.டி. சிலவற்றில் இரண்டும் ஒரே அளவாக எரியும், அத்தகையது ஆபத்து. சிக்னலுக்கும் எல்.ஈ.டி. இட்டால் அது அவசரமாகத் துடிக்கும். மின்னோட்டம் குறைந்ததால் பல்பு எரிந்துபோயிற்றென்று பழைய பிளாஷர் எண்ணிக்கொள்வதே காரணம். அதற்கேற்ற பிளாஷரையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவதே மிகச் சிறந்தது. பின் கண்ணாடியின் உட்புறத்தில் உயரமாக ஒரு மூன்றாவது பிறேக் விளக்கைப் பொருத்துதல். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து இது கட்டாயமாக்கப்பட்டது. பின்னாலிருந்து மோதும் விபத்துகளை இது நீண்ட கால நோக்கில் 4.3 சதவீதம் குறைத்ததாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. 1982இல் வந்த இந்த வண்டியில் அது இல்லை. பிறேக் விளக்கின் வயரிலிருந்து, தக்க பியூஸ் வழியாக இணைப்பெடுத்து மாணவரே அதைப் பொருத்தினார். வண்டிக்கு அவர் விரும்பிய புதுமையும் வந்து சேர்ந்தது.

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் வாகனங்களின் மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியபோது பஸ், முச்சக்கர வண்டிக்காரர் பலர் மனம் வருந்தினர். தம் வண்டியை அழகுசெய்ய விரும்புவது மனித இயல்பே. அதை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பின்விளக்கு மட்டும் முழுக்க முழுக்க நமது உடைமை அன்று. நமது செலவில் நாம் சுமந்து செல்லும் பிறர் பொருள் அது.

1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. புகையிரதத்தின் கடைசிப் பெட்டியிலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வண்டி கடந்து சென்றபின் நிலையத்தார் அந்த விளக்கைப் பார்த்தே, பெட்டி எதுவும் வழியில் அறுந்து நின்றுவிடவில்லை, வண்டி முழுமையாகப் போய்விட்டது என்று அறிந்துகொள்வர். அதன் பின்னரே அடுத்த வண்டிக்கு வழி.

விடைபெற்ற மாணவரின் கார் அன்று மாலை பனியினுள் இறங்கிச் சென்றது. வளைவில் அவர் பிறேக்கை மிதித்தபோது மூன்று சிவப்பு விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. அவருக்குப் பின்னால் கொழுந்து லொறியொன்று வந்துகொண்டிருந்தது. அது வேகத்தைக் குறைத்ததை நாம் வாசலில் நின்று கண்டோம்.