பழைய வண்டியும் பேரேடும்

சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எஞ்சின் மக்கர் செய்கிறது, வேலை பார்ப்பதா, தள்ளிவிடுவதா?" நம்மில் பலரிடம் பத்து, இருபது ஆண்டுகள் ஓடிய வண்டி இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்தது. நாம் எடுத்த முடிவையும், அதற்கு முன் செய்த தவறையும் மறைக்காமல் எழுதினால் நாலு வணிக நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி எழுதுகிறோம்.

நம்மிடம் இருந்தது 1998-இல் வாங்கிய டீசல் அம்பாசடர். திமிரியிலிருந்து ஆரணி அரிசி ஆலைகளுக்கும், வேலூர் மண்டி வீதிக்கும் அதில் போய்வராத வாரம் இல்லை. அவசரத்துக்கு டிக்கியில் நாலு மூட்டையும் ஏற்றியிருக்கிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அந்த வண்டியில்தான். கடை வாசலில் அது நின்றால் நம் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுக் கோடையில் ஒருநாள் ஆற்காட்டிலிருந்து திரும்பும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டிவிட்டோம். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. குற்றம் வண்டியுடையது அன்று, நம்முடையது. ஹெட் கேஸ்கெட் போயிற்று, மாற்றினோம். அடுத்து ஆயில் குறையத் தொடங்கியது. பிஸ்டன் ரிங் மாற்றினோம். பிறகு நாசில், பிறகு பம்ப். இப்படித் தவணை தவணையாக ரூ. 47,000 போன பிறகு மெக்கானிக் சொன்னார்: "மொதலாளி, எஞ்சினை எறக்கி முழுசா போர் வேலை பார்த்தாத்தான் சரியாவும். எழுபதாயிரம் ஆவும்."

நம் மனம் அப்போது என்ன சொல்லிற்று தெரியுமா? "47,000 போட்டாயிற்று. இப்போது விட்டால் அத்தனையும் வீண். இன்னும் எழுபதைப் போட்டு முடித்துவிடு" என்றது. நாற்பது ஆண்டுகள் தராசு பிடித்த கைக்கு இந்தத் தடுமாற்றம் வரலாமா? கிடங்கில் பருப்பு வண்டு விழுந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வாங்கிய விலையையா பார்க்கிறோம்? இன்றைக்குச் சலித்து விற்றால் என்ன கிடைக்கும், சலிக்கும் கூலி எவ்வளவு, மீதிச் சரக்குக்குப் பரவுமா என்றுதானே பார்க்கிறோம்! போன பணம் போனதுதான். இனி போடப்போகும் பணம் என்ன தரும் என்பதே கணக்கு. வண்டிக்கும் இதே நியாயம்தான்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். புகையே பாதி சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நாசில், காற்று வடிகட்டி போன்றவற்றைப் பார்க்கலாம். பெரும்பாலும் சிறு செலவில் முடியும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், சிலிண்டர் தேய்மானமாக இருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம். கம்ப்ரஷன் சோதனை செய்தால் எந்தச் சிலிண்டர் பலவீனம் என்பது தெரிந்துவிடும். நாம் இந்தச் சோதனையை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் 47,000-இல் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். உதிரிப் பாகம் தனி, லேத் வேலை தனி, கூலி தனி என்று மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கடைக் கணக்கில் ஓடும் வண்டியானால், ஒருவருக்கு ஒரே நாளில் ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழுது ஒன்றே ஒன்று, காரணமும் தெரிகிறது, பாடி துரு பிடிக்கவில்லை, உதிரிப் பாகம் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்றால் தயங்காமல் வேலை பாருங்கள். நல்ல வண்டியை ஒரு கேஸ்கெட்டுக்காக விற்பது, ஒரு மூட்டை நனைந்ததற்காகக் கிடங்கையே காலி செய்வது போலாகும். ஒரு பழுதைச் சரிசெய்தால் அடுத்தது எட்டிப் பார்க்கிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

அம்பாசடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று தேடினால் உதிரிப் பாகம் கிடைக்கும். ஆனால் தேடிப் போகும் நாளுக்கும் விலை உண்டு. அரசுக் கட்டணமும் ஏறியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ. 600, 2022 ஏப்ரல் முதல் ரூ. 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கினார்கள். எஞ்சின் தேய்மானத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது.

நம் மகன், "புதுக் கார் எடுத்துவிடலாம் அப்பா" என்றார். ஒன்பது லட்சம் விலை. இரண்டு லட்சம் முன்பணம், மாதம் ஏறத்தாழ ரூ. 14,700 தவணை, ஐந்து ஆண்டு. அது தீபாவளிச் சரக்குக்குப் பணம் புரட்டும் சமயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்களுக்கு வரியை 50 விழுக்காடாக்கியதும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் வேலையை நம்பிய குடும்பங்கள் கையைச் சுருக்கின. அவர்களுக்குக் கடன் கொடுத்த கிராமத்துக் கடைக்காரர் நமக்குத் தர வேண்டிய பாக்கியும் இழுத்தது. வசூல் தள்ளிப் போகும். வங்கித் தவணை தள்ளிப் போகாது. கொள்முதல் பணத்தைக் காரில் பூட்டிவிட்டு, சரக்குக்கு வட்டிக்கு வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

அன்றிரவு பேரேட்டை எடுத்து ஓராண்டுக் கணக்கைப் புரட்டினோம். கார் வெளியே எடுத்தது 61 நாள்தான். அதே ஆண்டில் சரக்கு இறக்க 'குட்டி யானை'க்குக் கொடுத்த வாடகை மாதம் சராசரி ரூ. 19,000! ரிப்பேரா, புதுக் காரா என்று மாதக் கணக்கில் வாதாடினோமே, கடைக்குத் தேவைப்பட்டது கார் அல்லவே என்று அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் ஐந்தரை லட்சத்தில் சிறிய சரக்கு வண்டி ஒன்று எடுத்தோம். தவணை, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் ரூ. 18,800 ஆகிறது. பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டோம். நான்கு ஆண்டில் தவணை முடிந்தால் வண்டி நம்முடையது. கடைக்காக வாங்கும் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு வைக்க முடியாது; சரக்கு வண்டிக்கு முடியும். வரி இல்லாத சரக்கும் விற்பவர்களுக்கு அந்த விகிதம் கழியும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கணக்கரைக் கேட்டுச் செய்யுங்கள். கார் ஓட்டும் உரிமம் உள்ளவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. ஆனால் பின்னால் ஆட்களை ஏற்றிக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வழக்கம் வேண்டாம். அது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. நாம் குடும்பப் பயணத்துக்கு வாடகைக் கார் எடுக்கிறோம்.

அம்பாசடரை, பழைய வண்டிகள் மேல் ஆசையுள்ள ஒருவர் ரூ. 55,000-க்கு எடுத்துக்கொண்டார். விற்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பதிவுச் சான்றில் பெயர் மாறாதவரை, சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈடு பதிவில் உள்ள பெயரைத் தேடி வரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றம் முடிந்ததா என்று பார்த்த பிறகே நிம்மதி அடையுங்கள். உடைக்கக் கொடுப்பதானால் பதிவு பெற்ற நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள்.

அந்த வண்டி தெரு முனை திரும்பியபோது வீட்டில் எல்லோருக்கும் மனம் கனத்தது. இருக்கட்டும். அன்பு வீட்டுக்கு, கணக்கு கடைக்கு என்று பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எஞ்சின் மக்கர் செய்யும் நண்பர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஓராண்டுப் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.