உங்க பழைய வண்டி எங்க ஊருக்குத்தான் வருது

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நின்னு பாருங்க. சென்னையிலிருந்து திருச்சி ரோட்டுல வர்ற பைக்குங்கள்ல பத்துக்கு ரெண்டாவது சைலன்சர் மாத்தினதா இருக்கும். டமடமன்னு ஒரு சத்தம். டவுன்ல இருக்கற தம்பிங்களுக்கு அது ஒரு ஆசை, அதுல நான் தலையிடலை. ஆனா நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டு அந்த வண்டியை வித்தப்புறம் அது எங்க போகுதுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? கைமாறி கைமாறி திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பழைய வண்டி விக்கிற கடைக்கு வரும். அங்கிருந்து எங்களை மாதிரி ஆளுங்க கைக்கு வரும். டிஎன் 16 பகுதியில ஓடுற வண்டிங்க நம்பரைப் பாருங்க, பாதி மெட்ராஸ் நம்பர்.

எங்களுக்கு வண்டின்னா பால் கேன், யூரியா மூட்டை, புல்லுக்கட்டு, ஆஸ்பத்திரி, பிள்ளைங்களை ஸ்கூல்ல விடறது எல்லாமே. அது படுத்துட்டா அன்னிக்கு வேலையும் படுத்துடும். அதனால இந்தப் பேச்சு எனக்குப் பொழுதுபோக்கு இல்லைங்க.

விஷயத்துக்கு வரேன். வண்டிக்கு மூக்கு ஏர் பில்டர் டப்பா, வாய் சைலன்சர். ஏரிக்கு மதகும் கலிங்கலும் எப்படி ஒரே கணக்குல கட்டினதோ, அப்படித்தான் இது ரெண்டும். இவ்வளவு காத்து உள்ள வரும், இவ்வளவு புகை வெளிய போகும்னு கணக்குப் பண்ணித்தான் கார்புரேட்டர்ல ஜெட் போட்டிருக்கான். டப்பாவைக் கழட்டிட்டு வெறும் கூம்பு பில்டர் மாட்டினா காத்து கூடிப்போகும், பெட்ரோல் அதே அளவுதான் வரும். கலவை வறண்டு இஞ்சின் சூடேறும். ரொம்ப முத்தினா பிஸ்டன் பிடிச்சிக்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில இது இன்னும் மோசம். யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்குங்க. 1985-ல வந்து 1996-ல நின்னுபோன வண்டி, இன்னிக்கும் யானை விலை சொல்றாங்க. அதோட சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. எரியாம வெளிய ஓடுற பெட்ரோல் கலவையை, திரும்பி வர்ற புகையோட அழுத்தம்தான் மறுபடி இஞ்சினுக்குள்ள தள்ளுது. சைலன்சரோட வயிறு ஏன் அப்படி பெருத்து சிறுத்து இருக்குன்னா இதுக்குத்தான். அதை அறுத்துட்டு நேர் குழாய் வச்சா சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாப் போகும்.

டவுன்ல டப்பா இல்லாம ஓட்டினாலும் கொஞ்ச நாள் தாங்கும். எங்க ஊர்ல தாங்காது. அறுவடை நேரத்துல வைக்கோல் தூசி, மண் ரோட்டுப் புழுதி, தவிட்டுத் தூள் எல்லாம் நேரா உள்ள போகும். புழுதி போனா ரிங் தேயும், போர் தேயும், அப்புறம் வெள்ளைப் புகைதான். சில நூறு ரூபாயில முடியற வேலை சில ஆயிரத்துக்குப் போயிடும். ஒரு மூட்டை நெல் என்ன விலைக்குப் போகுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

அதனால பழைய வண்டி மைலேஜ் தரலைன்னாலோ இழுக்கலைன்னாலோ, உடனே இஞ்சினைப் பிரிக்கச் சொல்லாதீங்க. முதல்ல பில்டர் டப்பா மூடியைத் திறங்க. மாட்டுக்கொட்டாய்ல நிக்கிற வண்டியில எலி கூடு கட்டியிருக்கும். நான் கதை சொல்லலை, எந்த மெக்கானிக்கை வேணும்னாலும் கேளுங்க. பில்டர் நைஞ்சிருந்தா மாத்துங்க. டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குழாய் பத்து வருஷத்துல வெடிச்சிடும். அந்த வெடிப்பு வழியா பில்டரே இல்லாம காத்து உள்ள போகும். புது பில்டர் போட்டும் பிரச்சினை தீரலைன்னா பெரும்பாலும் இந்த ரப்பர்தான். அடுத்தது, சைலன்சர் இஞ்சினோட சேர்ற இடத்துல இருக்கற கேஸ்கெட். அது போயிட்டா ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் படபடன்னு வெடிக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில சைலன்சருக்குள்ள கரி அடைச்சிக்கும், அதை எடுத்தாலே வண்டி பாதி புதுசாயிடும். அடியில துரு தின்னு ஓட்டை விழுந்திருந்தா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டறதைவிட அதே மாடல் சைலன்சரா வாங்கி மாட்டறதுதான் லாபம்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கு. சத்தம், புகை அளவு மீறினா 190-ஆவது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. பழசை எடுத்துட்டு அதே மாதிரி பாகம் போடறதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல பதிவைப் புதுப்பிக்கப் போறப்ப, சைலன்சர் மாத்தின வண்டியோட நிக்கறவர் வாங்கினவர்தான். மாத்தினவர் அங்க இருக்க மாட்டார்.

சத்தத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. ராத்திரி அந்த மாதிரி வண்டி தெருவுல போனா கன்னு போட்ட மாடு கயித்தை அறுத்துக்கும். பத்தாவது படிக்கிற பிள்ளை புஸ்தகத்தை மூடி வச்சிடும். ஓட்டறவருக்கு அது ஒரு நிமிஷம், வீதியில இருக்கறவங்களுக்கு அப்படி இல்லை.

டவுன்ல இருக்கற நண்பர்கள்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். ஆசைக்கு மாத்தறதுன்னா மாத்துங்க, ஆனா கழட்டின ஒரிஜினல் டப்பாவையும் சைலன்சரையும் காயலான் கடையில எடைக்குப் போடாதீங்க. பழைய மாடலுக்கு அந்தப் பாகம் கிடைக்கறது வர வர கஷ்டமாகுது. ஒரு சாக்குல சுத்தி பரண்ல போட்டு வைங்க. வண்டியை விக்கிறப்ப அதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க. வாங்கிட்டுப் போறவன் அதுலதான் இன்னும் பத்து வருஷம் பால் கேன் கட்டி ஓட்டப்போறான்.