பயிற்சிக்கும் கூலி உண்டு

மொழி கற்பிக்கும் நிறுவனத்தில் அறிவியல் மாணவனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு என்பது என் கருத்து. அந்த வேலைக்குக் கூலியும் உண்டு என்பது அதைவிட உறுதியான கருத்து.

கைப்பேசி வழியே அயல்மொழி கற்பிக்கும் நிறுவனங்களுள் உலகறிந்தது டுவோலிங்கோ. குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் செவரின் ஹேக்கரும் 2011-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அதைத் தொடங்கினர். கற்ற சொல் எப்போது மறக்கும், எப்போது அதை மீண்டும் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் முறை ஒன்றை அந்நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. அதில் வரும் அளவு எது தெரியுமா? அரை ஆயுட்காலம்! கதிரியக்கப் பாடத்தில் நாம் படிக்கும் அதே அரை ஆயுட்காலம்தான். அணுக்கருக்கள் சிதைந்து பாதியாகும் காலத்தைக் கணக்கிடுவதுபோல, ஒரு சொல் நினைவில் நிற்கும் வாய்ப்பு பாதியாகும் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். மறதியை 1885-இலேயே அளந்து காட்டியவர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். ஆகவே இயற்பியலும் புள்ளியியலும் படிப்போருக்கு அங்கே இடமுண்டு என்பதில் ஐயமில்லை.

நம்மிடம் இன்னொரு செல்வமும் இருக்கிறது. தமிழ்வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். 'தி' என்ற சிறு சொல் எங்கே வரும், எங்கே வராது என்று தமிழன் தடுமாறுவது ஏன்? தமிழில் அதற்கு இணையான சொல்லே இல்லை. வினையை இறுதியில் வைத்துப் பழகிய நமக்கு ஆங்கில வாக்கியம் தலைகீழாகத் தெரிகிறது. தமிழ் கற்க வரும் அயலாருக்கோ, 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசுவது பெரும் புதிர். தடுக்கி விழுந்தவனுக்குத்தான் பள்ளம் எங்கே என்று தெரியும். பாடம் அமைப்போருக்கு இந்த அறிவு மிகவும் தேவை.

இந்த அறிவைத் தருவது உழைப்பா, தொண்டா? 2013 முதல் டுவோலிங்கோவின் பாடங்கள் பலவற்றை உருவாக்கியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். 2021-இல் அந்நிறுவனம் அத்திட்டத்தை முடித்துக்கொண்டது. உழைத்தவர்களுக்குத் தொகையும் வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பின்னர் 2025 ஏப்ரலில், செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒப்பந்தப் பணியாளர்களை அமர்த்துவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அதன் தலைவர் அறிவித்தார். இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. நாம் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் நாம் வந்துவிட்ட பின்னும் அங்கே சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஆகவே அதன் விலையை முதல் நாளே பேசிவிடுவதுதான் முறை.

"கற்றுக்கொடுப்பதே கூலி அல்லவா?" என்று சிலர் வாதிடுவர். அருகில் அமர்ந்து பார்த்துக் கற்பதோடு நின்றால் அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மாணவன் திருத்திய பாடம் விற்பனைக்குப் போகுமானால் அது வேலைதான். இன்டர்ன்ஷிப் என்ற பெயரால் இரண்டு மாதம் சம்பளமின்றிச் சென்னையிலோ பெங்களூரிலோ தங்க யாரால் முடியும்? வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வீட்டிலிருந்து வரக்கூடியவரால் மட்டுமே முடியும். விடுமுறையில் நாம் ஈட்டும் கூலியை எதிர்பார்க்கும் குடும்பங்கள் இங்கே எத்தனை! 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். வயலில் கண்ட அந்தக் கணக்கு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கும் தொடரவேண்டுமா?

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநருக்கு உதவித்தொகை தந்தாக வேண்டும். அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத இன்டர்ன்ஷிப்புக்கு அந்தக் காப்பு இல்லை. மைய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று வகுத்தது நல்ல செய்தி. ஆனால் 21 வயது நிறைந்து, முழுநேரப் படிப்பில் இல்லாதவருக்கே என்று அப்போது விதித்ததால் நம்மைப் போன்றோர் வெளியே நின்றோம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரைப் பயிற்சிக்கு அனுப்பும் கடிதத்தில் கையொப்பமிடுமுன் நிறுவனத்தாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன வேலை? யார் கற்றுத் தருவார்? எவ்வளவு தொகை? மூன்றுக்கும் எழுத்தில் விடை வந்தபின் அனுப்புங்கள். மாணவன் தனியே கேட்டால் வாய்ப்பே பறிபோகலாம். கல்லூரி கேட்டால் அது நியாயமான கேள்வியாகிவிடும்.

நண்பர்களே, இத்தகைய நிறுவனங்களுக்கு அஞ்சாமல் விண்ணப்பியுங்கள். நம் கணக்கும் நம் தமிழும் அங்கே விலைபோகும் சரக்குகள். அவற்றைக் கடனாகவும் கொடுக்க வேண்டாம். இலவசமாகவும் கொடுக்க வேண்டாம்.