அளந்து பார்க்க ஒரு உயிர் போகணுமா?



2025 ஜனவரி 17. புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கத்துல வெங்களூர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து டூவீலரில் திரும்பிய முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி மீது லாரி மோதியது. முதலில் விபத்து என்றார்கள். பிறகு அது கொலை வழக்கானது. குவாரிக்காரர்கள் கைதானார்கள், விசாரணை சிபிசிஐடிக்குப் போனது.

அவர் என்ன செய்தார்? கல்குவாரிகளில் அனுமதியை மீறி வெட்டுகிறார்கள் என்று மனு மேல் மனு கொடுத்தார். அதிகாரிகள் ட்ரோனோடு குவாரிக்கு வந்தது அவர் போன பிறகுதான். எந்தக் கட்சிக்காரர்னு பார்த்துப் பேசுற விஷயமா இது?

கல்குவாரிக்கு உள்ள கதைதான் கிராவல் குழிக்கும். நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால கணக்காவே சொல்றேன். 1 ஹெக்டேரில் 2 மீட்டர் ஆழம் வெட்ட அனுமதி என்றால் 20,000 கன மீட்டர். அதே இடத்தில் 6 மீட்டர் வெட்டினால் 60,000. அதாவது 40,000 கன மீட்டர் திருட்டு. 3 யூனிட் டிப்பரில் ஏற்றினால் 4,700 லோடுக்கு மேல். நடைச்சீட்டு இல்லாமல் இத்தனை வண்டி ஊருக்குள்ள போனது யாருக்குமே தெரியாதாம். நம்புறீங்களா?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். எல்லைக்கல் நட்டிருக்கா, பக்கத்து பட்டா நிலத்துக்கு விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளி இருக்கா, ஆழம் எவ்வளவு. ஒரு டோட்டல் ஸ்டேஷனும் ஒரு நாளும் போதும்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டவிரோதமாக எடுத்த கனிமத்தின் விலையையே வசூலிக்கலாம் என்று 2017ல் சொன்னது. வெட்டி முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கொடுப்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேருங்கள் என்று 2020 ஜனவரியில் சொன்னது. நம்ம மாவட்டத்தில் கைவிட்ட குழிகளைப் போய்ப் பாருங்க. புல் எங்கே? வேலி எங்கே? மழை பெய்தால் குளம் மாதிரி நிற்கும். ஆடு மாடு விழும், விளையாடப் போற பிள்ளையும் விழும். கண்மாயை நம்பி விவசாயம் பண்ற மாவட்டம் இது. வரத்துக்கால்வாயில் குழி வெட்டினால் தண்ணீர் கண்மாய்க்கு எப்படி வரும்?

அதனால் நாம் கேட்பது நாலே நாலு விஷயம்:

1. மாவட்டத்தின் எல்லா கிராவல், கல்குவாரிகளையும் யாரும் மனு கொடுக்கக் காத்திருக்காமல் அளந்து, அனுமதித்த அளவையும் வெட்டிய அளவையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

2. மிஞ்சி எடுத்ததற்குப் பணத்தை வசூலியுங்கள். பெயருக்கு அபராதம் போட்டு அதே ஆளிடம் குழியை மறுபடி கொடுக்காதீர்கள்.

3. வெட்டி முடித்த குழிக்கு வேலி போட்டு, சரிவைச் சரிசெய்து, ஒதுக்கி வைத்த மேல்மண்ணைப் பரப்பி, மரம் வைத்த பிறகுதான் குத்தகைதாரரை விடுவியுங்கள். ஆளே காணாமல் போன பழைய குழிகளுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை எடுங்கள்.

4. மனு கொடுத்தவர் பெயர் குவாரிக்குப் போகக் கூடாது. தகவல் கொடுப்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2014ல் நிறைவேறியது. பத்து வருடம் தாண்டியும் மத்திய அரசு அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதுவரை மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும்தான் பொறுப்பு.

வேலை வேணாமா, ரோடு போட கிராவல் வேணாமானு சிலர் கேட்பாங்க. வேணும். டிப்பர் ஓட்டுற தம்பியும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். அனுமதித்த அளவுக்கு எடுங்க, எடுத்த இடத்தைச் சரிபண்ணிட்டுப் போங்க. அவ்வளவுதான் கேட்கிறோம். சட்டப்படி நடக்கிற குவாரிக்கு அளவு நாடா மேல என்ன பயம்?

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. டிப்பர் முன்னாடி நம்ம கொடி பறந்தாலும் கணக்கு மாறாது. நாமே கண்ணை மூடிக்கிட்டா, அடுத்தவனைக் கேட்க வாய் இருக்காது.

அடுத்த கிராம சபையில் இந்த நாலையும் தீர்மானமாகக் கொண்டு வாங்க. ஒருத்தர் பெயரில் மனு போனால் ஒருத்தரை மிரட்டலாம். ஊரே கையெழுத்துப் போட்டால் யாரை மிரட்டுவான்?

#குழியை_அளந்திடு #நிலத்தை_மீட்டிடு