எடைக்குப் போகும் மடிக்கணினிகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணினிகள் பல கழிவுப் பட்டியலில் ஏறின. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அவற்றில் இல்லை, அல்லது பிராசசர் ஒரு தலைமுறை பழையது. திரையிலோ விசைப்பலகையிலோ குறை கிடையாது. ஆனாலும் அவை ‘மின்னணுக் கழிவு’ ஆகிவிட்டன. இன்று ஒரு பெருநிறுவனம் தன் விநியோகச் சங்கிலியின் கார்பன் உமிழ்வைக் குறைக்க விரும்பினால், இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலுவலக மடிக்கணினி ஒன்றின் வாழ்நாள் உமிழ்வு ஏறக்குறைய 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று தயாரிப்பாளர்கள் வெளியிடும் கணக்குகள் சொல்கின்றன. மாடலைப் பொறுத்து இது கூடும், குறையும். இதில் முக்கால் பங்குக்கு மேல், நாம் அதை முதன்முறை திறப்பதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது. சுரங்கம், சிலிக்கான் சில்லு, திரை, சர்க்யூட் போர்டு, விமானப் பயணம் எல்லாம் அதற்குள் அடக்கம். எனவே வாங்கிய மடிக்கணினியை எத்தனை ஆண்டு பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியமான கேள்வி.

கணக்கு எளிது. உற்பத்தி உமிழ்வை மட்டும் ஒரு மடிக்கணினிக்கு 240 கிலோ என்று கொள்வோம். 10,000 மடிக்கணினி வைத்திருக்கும் நிறுவனம், வாரண்டி முடிந்ததும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 3,300 புதிதாக வாங்க வேண்டும். அது 800 டன் உமிழ்வு. ஐந்து ஆண்டாக நீட்டினால் 2,000 வாங்கினால் போதும், 480 டன். பேட்டரியும் எஸ்எஸ்டியும் மாற்றி, கொஞ்சம் ரேம் சேர்த்தால் பெரும்பாலான வேலைகளுக்கு ஐந்தாண்டு தாராளமாக ஓடும்.

பழைய மடிக்கணினி மின்சாரம் அதிகம் இழுக்காதா என்று கேட்கலாம். அலுவலக மடிக்கணினி ஆண்டுக்குச் சில பத்து யூனிட்தான் செலவழிக்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு. புதியது அதில் கால் பங்கு மிச்சம் பிடித்தாலும், தன் பிறப்புக்கு வெளியான உமிழ்வை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் நடப்பதில்லை? உமிழ்வை எழுதும் கணக்கேடே இதை மறைக்கிறது என்பது என் கருத்து. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையை, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முன்னணி நிறுவனங்கள் 1,000 கட்டாயம் தர வேண்டும். அதில் மின்னணுக் கழிவுக்கு ஒரு வரி உண்டு. எத்தனை டன் என்று மட்டும் கேட்கும். வேறொரு பக்கத்தில் ‘ஸ்கோப் 3’, அதாவது நிறுவனத்தின் சொந்த எரிபொருளும் வாங்கிய மின்சாரமும் தவிர்த்து, சங்கிலி முழுவதும் வெளியாகும் உமிழ்வு. அது விருப்பப்பட்டால் நிரப்பும் பகுதி. கழிவின் டன்னுக்கும் சங்கிலி உமிழ்வுக்கும் இடையே அறிக்கையில் பாலம் எதுவும் இல்லை. கழிவைப் பார்ப்பது கட்டடப் பராமரிப்புத் துறை, மடிக்கணினி வாங்குவது கொள்முதல் துறை. இரண்டும் பேசிக்கொள்வதே அரிது.

ஸ்கோப் 3 கணக்கு முறையிலும் சிக்கல்கள் உண்டு. 2011இல் வந்த பசுங்குடில் வாயு நெறிமுறைத் தரம் இதை 15 தலைப்புகளாகப் பிரிக்கிறது. கழிவு ஒரு தலைப்பு, மூலதனப் பொருள்கள் இன்னொன்று. மறுசுழற்சி ஆலையின் உமிழ்வு பொதுவாக அந்த உலோகத்தை அடுத்து வாங்குபவரின் கணக்கில் போகும். ஆகவே கழிவுத் தலைப்பில், ஒழுங்காக அப்புறப்படுத்திய நிறுவனத்துக்கும் அப்படிச் செய்யாததற்கும் எண்ணில் பெரிய வேறுபாடு தெரியாது. போதாக்குறைக்கு, பல நிறுவனங்கள் செலவழித்த பணத்தை ஒரு காரணியால் பெருக்கி உமிழ்வு என்று எழுதுகின்றன. எளிதில் பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய, விலை கூடிய மடிக்கணினியை வாங்கினால், அந்த ஆண்டுக் கணக்கில் உமிழ்வு உயர்ந்ததாகவே காட்டும்! நல்லது செய்பவருக்குத் தண்டனை தரும் இந்தக் கணக்கை மாற்றியே ஆக வேண்டும். சாதனத்தின் மாடலையும் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடத் தேவையான தரவு ஒவ்வொரு நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அரசின் விதிகளும் உலோகத்தையே பார்க்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பட்டியலை 21 பொருள்களிலிருந்து 106 ஆக விரித்தது நல்ல செயல். மறுசுழற்சியாளர் மீட்டெடுக்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு சான்றிதழ் உருவாகிறது. உற்பத்தியாளர்கள் அதை வாங்கித் தங்கள் பொறுப்பைக் கழிக்கிறார்கள். மீட்பு அவசியம்தான். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கான ஆற்றலில் 5 விழுக்காடு போதும். உலகளாவிய மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி 2022இல் உலகில் சேர்ந்த கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. ஆனால் உருக்கி எடுத்த செம்பு, சில்லுக்குள் செலவான ஆற்றலைத் திருப்பித் தராது. சாதனத்தைப் புதுப்பித்து மறுபயன்பாட்டுக்கு விட்டால் உற்பத்தியாளரின் பொறுப்பைத் தள்ளிவைத்து, பின்னர் அதில் 75 விழுக்காட்டை மட்டும் சேர்க்கும் சலுகை அதே விதிகளில் இருக்கிறது. சாதனத்தைப் பயன்படுத்திவிட்டுக் கைமாற்றும் நிறுவனத்துக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை.

ஏசி பெட்டிகளின் கதை வேறு. அங்கே பழையதைப் பிடித்துவைப்பது தவறு. பத்தாண்டு பழைய ஏசியின் மின்செலவு அதிகம், மாற்றுவதே சரி. கழற்றும் விதத்தில்தான் ஆபத்து. காயலான் கடைக்குப் போகும் ஏசியில் மதிப்புள்ளவை செம்புக் குழாயும் காம்ப்ரஸரும். குழாயை வெட்டியதும் உள்ளிருக்கும் வாயு சீறிக்கொண்டு வெளியேறிவிடும். பழைய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-22 வாயு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,800 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டது. ஒரு கிலோ வாயு வெளியேறினால், ஏழு மடிக்கணினிகளைத் தயாரிக்கும்போது வெளியாகும் உமிழ்வுக்குச் சமம். கைமாறிய பிறகு நடப்பது என்பதால் இது பெரும்பாலும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. வெட்டும் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயுவை உறிஞ்சிச் சேர்க்கும் கருவிக்கு அவருக்கு யாரும் பணம் தருவதில்லை.

அந்தப் பணம் எங்கே தொலைகிறது என்றால், ஏலத்தில். பழைய சாதனங்களை ‘யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கு’ என்று தள்ளிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அமிலக் கழிவுநீரைச் சுத்திகரிப்பவர், வாயுவை மீட்பவர், வேலையாட்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் தருபவர் எப்படி அந்த விலையைக் கேட்க முடியும்? வாயு மீட்புக்கு எடைச் சீட்டு வேண்டும், மறுபயன்பாட்டுக்குப் போன சாதனங்களின் வரிசை எண் பட்டியல் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை ஏல அறிவிப்பில் சேர்த்தாலே களம் மாறும். விற்பனை வருவாயில் கொஞ்சம் குறையும். ஒரு பெருநிறுவனத்தின் வரவுசெலவில் அது தாங்கக்கூடிய தொகைதான்.

மறுபயன்பாட்டுக்கு நிறுவனங்கள் சொல்லும் தடை, தரவுக் கசிவு குறித்த பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதற்காக ஹார்ட் டிஸ்க்கை, சில இடங்களில் கணினி முழுவதையுமே, இயந்திரத்தில் போட்டு நொறுக்குவது தேவையில்லை. தரவை மீட்க முடியாதபடி அழித்து, சாதனத்தைக் காப்பாற்றும் வழிமுறைகள் உலக அளவில் வகுக்கப்பட்டுள்ளன. வாடிக்கையாளருடன் போடும் ஒப்பந்தத்தில் ‘நொறுக்க வேண்டும்’ என்பதற்குப் பதில் ‘சான்றுடன் அழிக்க வேண்டும்’ என்று ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கேட்கச் சட்டப் பிரிவு தயங்கக் கூடாது.

மின்னணு ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு. ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கிறோம், பழைய மாமல்லபுரம் சாலையின் ஐடி அலுவலகங்களில் பயன்படுத்துகிறோம், சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கிறோம். மூன்றும் இரண்டு மணி நேரப் பயண எல்லைக்குள். மதர்போர்டில் எரிந்துபோன ஒரு சிறு பாகத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்து மாற்றும் கைகள் ரிச்சி தெருவில் இருக்கின்றன. ஆனால் விதிப்படி, பெருமளவில் சாதனம் வைத்திருக்கும் நிறுவனம் தன் கழிவைப் பதிவுபெற்றவரிடம்தான் தர முடியும். சிறு கடைகள் கூட்டாகச் சேர்ந்து புதுப்பிப்பாளராகப் பதிவு செய்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எளிய வழி அமைக்கட்டும். அப்படிப் பதிவானவர்களுடன் ஐடி நிறுவனங்கள் ஆண்டு ஒப்பந்தம் போடட்டும். செபி, அடுத்த திருத்தத்தில் டன் கணக்குக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகளைச் சேர்க்கட்டும்: கழித்துக்கட்டிய சாதனங்களின் சராசரி வயது, அவற்றில் மறுபயன்பாட்டுக்குப் போனவை எத்தனை.