சாவு வீட்டில் சபை கேட்காதீர்கள்

இலங்கையின் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே காம்பராவில் மாமியார் செபமாலை சொல்லுவார். மருமகள் நகையைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சேலையில் சபைக்குப் போவாள். அதில் ஒரு குறையும் இல்லை. வம்பு முளைப்பது சாவு வீட்டில்தான். யார் செபிப்பது, மெழுகுதிரி ஏற்றலாமா, தப்பு அடிக்கலாமா என்று பிரேதத்தை நடுவில் வைத்துக்கொண்டே வாக்குவாதம். குழி வெட்ட வருபவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். அவர்கள் எந்தச் சபை என்று கேட்பதில்லை. மண்வெட்டியோடு மழையில் காத்து நிற்கிறார்கள்.

ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, சுரூபம் ஆகுமா ஆகாதா? இவை அற்பக் கேள்விகள் அல்ல. ஆனால் பழைய கேள்விகள். ரோமாபுரிச் சபையில் இறைச்சி உண்பவரும் மரக்கறி மட்டும் உண்பவரும், நாள் பார்ப்பவரும் பார்க்காதவரும் முட்டிக்கொண்டார்கள். இரு தரப்பாரும் ஆண்டவருக்கென்றே செய்கிறார்கள், பிறகு சகோதரனுக்குத் தீர்ப்பிட நீ யார் என்று கேட்டார் பவுல். ரோமர் 14ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்காத போதகர் இருக்கமாட்டார். பிரசங்கம் முடிந்ததும் அடுத்த சபையைத் தாக்குபவர்கள்தான் இருக்கிறார்கள்.

மேலிடத்து ஒற்றுமைக்காகக் காத்திருந்து பயனில்லை. தென்னிந்தியாவில் 1947 செப்டம்பர் 27இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்தது. இலங்கையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் உள்ளிட்டவற்றை ஒன்றாக்கும் திட்டமோ 1972இல் வழக்கில் சிக்கி நின்றுபோனது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்கள் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி கத்தோலிக்க ஆலயங்களுக்கும் மட்டக்களப்பு சீயோன் சபைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. அந்த வாரம் எல்லாரும் சேர்ந்து அழுதோம். பிறகு அவரவர் ஒலிபெருக்கிக்குத் திரும்பிவிட்டோம்.

சட்டப்படி ஒன்றாவது பேராயர்கள் பாடு. லயத்தில் சண்டை போடாமல் இருப்பது நம் பாடு. பங்குத் தந்தையும் குருவானவரும் பாஸ்டரும் தோட்டத் தலைவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து சிலவற்றை முடிவுசெய்யலாம். இறந்தவரின் சபைப்படி அடக்கம் நடக்கட்டும். மற்றவர்கள் கூட நின்று பாடட்டும். மைக்கில் பிற சபையை இழுக்க வேண்டாம். ‘அல்லேலூயாக் கூட்டம்’ என்ற கேலியும் ‘விக்கிரகக்காரர்’ என்ற ஏச்சும் நிற்கட்டும், குறிப்பாகப் பிள்ளைகள் முன்னால். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அதில் ஒரு மாலையை மஸ்கெலியாவில் பொதுவாக வைக்கலாம். எந்த ஆலயத்தில் என்று சண்டை வந்தால், தோட்டத்துப் பிள்ளை மடுவம் இருக்கிறது.