பீரோவைத் திறப்பதற்கு முன்



காரியம் முடிந்து பந்தலைப் பிரித்தாயிற்று. வந்த சொந்தபந்தம் பஸ் ஏறிவிட்டது. வீட்டில் மிஞ்சியிருப்பது கூடப்பிறந்தவர்கள் மட்டும். "அம்மாவோட ரெட்டைவடச் செயின் எங்கே?" என்று யாரோ ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார். ராத்திரிக்குள் அந்தப் பேச்சு முப்பது வருஷக் கணக்கையும் இழுத்து வந்துவிடுகிறது. யார் படிப்புக்கு எவ்வளவு செலவானது, யார் கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டது, கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் யார் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது... அடுத்த வருஷம் திதி வரும்போது அண்ணன் வீட்டில் ஒரு படையல், தம்பி வீட்டில் ஒரு படையல்.

இது நமக்குத் தெரியாத கதையா? நம் தெருவிலேயே இப்படி இரண்டு வீடாவது இருக்கும்.

நிலம், வீடு பற்றி நான் இங்கே எழுதவில்லை. அதற்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். எந்தப் பத்திரத்திலும் இல்லாத இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். ஒன்று, இறந்தவரின் அஸ்தி. இன்னொன்று, அவர் புழங்கிய பொருட்கள். சகோதரர்கள் நிரந்தரமாகப் பேச்சை நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

முதலில் அஸ்தி. முன்பு பிள்ளைகள் எல்லோரும் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தார்கள். காடாற்றிப் பால் தெளித்து, அஸ்தி எடுத்து, பக்கத்து ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டு வருவார்கள். கேள்வியே எழாது. இன்று மூத்தவர் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் என்கிறார். அப்பாவைக் கரைத்த பவானி கூடுதுறையிலேயே அம்மாவையும் கரைக்க வேண்டும் என்கிறார் இளையவர். டல்லாஸில் இருக்கும் நடுப்பிள்ளைக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்று போனில் அழுகிறார். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட, கலயம் வாசல் மரத்தில் தொங்குகிறது. இதற்கு நடுவே, பத்து வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள், "நானும் வந்து கரைக்கிறேனே" என்கிறார். "பொம்பளைங்க எதுக்கு?" என்று ஒரு குரல் அவரை அடக்கிவிடுகிறது.

இதில் யார் பேசுவது தப்பு? ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றைத்தான். "அம்மாவுக்கு நானும் பிள்ளைதானே?" அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல ஆளில்லாதபோதுதான் அது சண்டையாகிறது.

அஸ்தி யாருக்கு என்று நம் வாரிசுரிமைச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது மதிப்புப் போட்டுப் பங்கு பிரிக்கிற சொத்தும் இல்லை. அதனால் அங்கே சட்டத்தைத் தேடாமல் மனதைத்தான் தேட வேண்டும். ஒரே இடத்தில்தான் கரைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் காந்தியை நினைத்துப் பார்க்கலாம். 1948-இல் அவருடைய அஸ்தி பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு நாட்டின் பல நதிகளிலும் கடலிலும் கரைக்கப்பட்டது. நம் கன்னியாகுமரியில், கலயத்தை மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. அத்தனை இடங்களில் கரைத்ததால் அவருக்கு மரியாதை குறைந்ததா? இல்லையே! ராமேஸ்வரத்தில் ஒரு பங்கு, பவானியில் ஒரு பங்கு என்றால் நம் வீட்டிலும் எதுவும் குறைந்துவிடாது.

தள்ளிப்போடுவதன் ஆபத்தையும் அதே வரலாறு சொல்கிறது. காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு ஒடிசாவின் கட்டாக் நகரில் ஒரு பாங்க் லாக்கரிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. நீதிமன்றம் வரை போய், 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத் சங்கமத்தில் அது கரைக்கப்பட்டது. ஒரு தேசமே தந்தை என்று கொண்டாடியவருக்கே இப்படி நேர்ந்ததென்றால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாம் வைக்கும் கலயத்தின் கதி என்ன? வெளிநாட்டில் இருப்பவருக்காக ஒரு சிறு பங்கை வைத்திருங்கள். ஆனால் எந்தத் தேதி வரை என்பதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. அப்போது திருமணமாகாத பெண்களுக்கு மட்டும் கிடைத்த அந்த உரிமை, 2005-இல் நாடு முழுவதும் திருமணமான பெண்களுக்கும் வந்தது. நிலத்தில் சம பங்கு உள்ள மகளுக்கு, பெற்றவளின் அஸ்திக் கலயத்தைத் தொட மட்டும் உரிமை இல்லையா? எத்தனையோ வீடுகளில் மகள்களே கொள்ளி வைக்கிற காலம் இது. ஆற்றங்கரைக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள்.

அடுத்து, பொருட்கள். பணம் பெறுகிற பொருளுக்குத்தான் சண்டை வரும் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அப்படி இல்லை. அப்பா தினமும் சாவி கொடுத்த ஹெச்.எம்.டி. வாட்ச். அம்மா மிதித்த தையல் மெஷின். பாட்டி காலத்து வெண்கல உருளி. அம்மாவின் வாசனை போகாத ஒரு சுங்குடிச் சேலை. கடையில் போட்டால் சில நூறு ரூபாய் தேறுமோ என்னவோ. அதற்காக அக்காவும் தங்கையும் ஏன் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்? அது கையில் இருந்தால் அம்மா கூட இருப்பது போல. அது தன்னைக் கேட்காமல் போய்விட்டால், அம்மாவையே தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல.

நகையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "அம்மா நகை பொண்ணுக்குத்தான்" என்பது நம் வழக்கம். இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்துவிட்டால் அவருடைய சொத்து, நகை உட்பட, கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு, உயிரோடிருக்கும் அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயை எத்தனை வீடுகளில் யோசிக்கிறோம்? பாங்க் டெபாசிட்டில் நாமினியாக என் பெயர்தான் இருக்கிறது, அதனால் பணம் முழுக்க எனக்கே என்று நினைப்பதும் சரியல்ல. பணத்தை பாங்கிலிருந்து வாங்கும் பொறுப்புதான் நாமினிக்கு. வாரிசுகளின் பங்கு அப்படியேதான் இருக்கும்.

பங்குக் கணக்கில் வராத ஒருவரும் நம் வீடுகளில் இருக்கிறார். மருமகள். மாமியாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, மாத்திரை நேரம் பார்த்து, படுக்கையைச் சுத்தம் செய்தவர். பங்கு பிரிக்கும்போது அடுக்களையில் நின்று எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையில் ஒரு வளையலையோ ஒரு பட்டுப்புடவையையோ கொடுத்து, "இது அம்மா ஞாபகமா நீங்க வெச்சுக்கணும் அண்ணி" என்று நாத்தனார் சொன்னால் போதுமே. அந்த வீட்டு உறவு இன்னும் ஒரு தலைமுறைக்கு நிலைக்கும்.

சரி, இதற்கு என்னதான் வழி? பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். நான் நம்புவது இதைத்தான். "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு?" என்று நாம் தடுத்துவிடுகிறோம். ஆயுள் காப்பீட்டுக்குப் பயமில்லாமல் பிரீமியம் கட்டுகிறோம். தையல் மெஷின் யாருக்கு என்று பேச மட்டும் பயப்படுகிறோம். நேரு 1964-இல் மறைந்தார். தன் அஸ்தியை என்ன செய்ய வேண்டும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1954-இல், உயிலில் எழுதி வைத்துவிட்டார். ஒரு கைப்பிடி கங்கையில். பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்களின் வயல்கள் மேல் தூவ வேண்டும். பிரதமர் எழுதி வைக்கலாம் என்றால் நாமும் எழுதி வைக்கலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்க வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் நல்லது. சாட்சிகள் பங்கு பெறாத வெளியாட்களாக இருப்பது பின்னால் வரும் சந்தேகத்தைத் தவிர்க்கும். சின்னப் பொருட்களை ஒரு நோட்டில் எழுதி, காரணத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "உருளி சின்னவளுக்கு, பாயசம் கிண்டக் கத்துக்கிட்டது அவதான்" என்று அம்மா கைப்பட எழுதிய வரியை யார் எதிர்த்துப் பேசப்போகிறார்கள்? முடிந்தால் உங்கள் கையாலேயே கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்பவரின் முகத்தைப் பார்க்கும் சந்தோஷமும் உங்களுக்கே கிடைக்கும்.

பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். எதுவும் எழுதி வைக்காமல் பெற்றவர் போய்விட்டாரா? பதினாறாம் நாள் வரை பீரோவைத் திறக்காதீர்கள். திறக்கும்போது எல்லோரும் இருக்கட்டும். வர முடியாதவர் வீடியோ காலில் இருக்கட்டும். ஞாபகப் பொருட்களை ஆளுக்கொன்றாக, கடைக்குட்டியில் தொடங்கி, முறைவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்தை எடை போட்டு மதிப்பைச் சமன் செய்யுங்கள். போட்டோ ஆல்பத்தைக் கிழித்துப் பங்கு போட வேண்டாம்; ஸ்கேன் செய்தால் எல்லோருக்கும் முழு ஆல்பமே கிடைக்கும். அப்பாவின் போனை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் அவருடைய குரல் இருக்கும்.

உங்களைப் பெற்றவர்கள் எதிர்பார்த்தது என்ன? தாங்கள் போன பிறகும் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதானே? செயினை விட்டுக்கொடுத்தவர் தோற்றவர் ஆகமாட்டார். பெற்றவர் ஆசைப்பட்டதை நிறைவேற்றியவர் அவர்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அம்மா அப்பா பக்கத்தில் உட்காருங்கள். சொத்துப் பேச்சாக ஆரம்பிக்க வேண்டாம். "இந்த வாட்ச் எப்போ வாங்கினதுப்பா?" என்று கேளுங்கள். கதை வரும். கதை முடியும் இடத்தில், அது யாரிடம் இருந்தால் அவருக்கு நிம்மதி என்பதும் தானாக வந்துவிடும். கேட்டதை அன்றே எழுதி, கூடப்பிறந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்